நீர்வரிசை

முருகன்குறிச்சி, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
ஒரே கால்வாயில் தொங்கும் நாற்பத்தொரு குளத்துக்கும்
நாற்பத்தொரு கோப்பு வைத்திருக்கிறேன்:
மடை எத்தனை, மறுகால் எந்தப் பக்கம்,
ஆயக்கட்டு எவ்வளவு, உடைமரம் எவ்வளவு.

முகப்புப் பட்டியல் நான் எழுதியதில்லை.
ஒரு கட்டளை தட்டினால்
அடைவுக்குள் கிடப்பதையெல்லாம் அள்ளி
அதுவே அடுக்கிக்கொள்ளும்.
பெயர். கடைசியாய் மாற்றிய தேதி. அளவு.
முந்நூறு ஏக்கர் பெரியகுளம், நாலு கேபி.
காணி நிலம் தேறாத பண்டாரங்குட்டை, ஆறு கேபி;
அதன்மேல் வழக்கு இருக்கிறது.

அகரவரிசை என்றுதான் நம்பியிருந்தேன்.
அது ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடம் வேறு.
கன்னிமார்குளத்தைக் கரையடிக்கு முன்னால் நிறுத்தியது,
றகரத்தை ரகரத்தின் மடியில் உட்காரவைத்தது,
புள்ளி வைத்த எழுத்தைக் கடைசிப் பந்திக்கு அனுப்பியது.
சிரித்துவிட்டு அப்படியே விட்டேன்.
யார் பார்க்கப் போகிறார்கள்.

பார்த்தார் ஒருவர்.
கோபியிலிருந்து மாற்றலாகி வந்த உதவிப் பொறியாளர்
கார் பருவத்துக்குத் தண்ணீர் திறந்த அன்று
அந்தப் பக்கத்தை அச்செடுத்து
முறைப் பட்டியல் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
முதல் பெயர் அரசடிக்குளம்.
கால்வாய் போய் முடிகிற இடம்.
வழியிலுள்ள மதகையெல்லாம் இறக்கிவிட்டு
ஒன்றரை நாள் ஓடியது தண்ணீர்
யார் வயலையும் ஏறிட்டுப் பாராமல்.

லஸ்கர் பரமார்த்தலிங்கம் போனில் கத்தினார்:
"தண்ணி என்ன வே, அட்டெண்டன்ஸ் கூப்பிட்டா வரும்?
மேலக்காரங்க மம்பட்டியோட நிக்காங்க."

அன்று ராத்திரி
ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஓர் எண் எழுதினேன்.
தலைமதகிலிருந்து பத்து, இருபது, முப்பது.
இடைவெளி விட்டுத்தான் எண் போட வேண்டும்,
பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி.
பெயரால் அடுக்காதே, எண்ணால் அடுக்கு என்றேன்; கேட்டது.
கேபியைத் தூக்கிவிட்டு ஏக்கர் வைத்தேன்.
கடைசியாய் மாற்றிய தேதி இருந்த இடத்தில்
கடைசியாய் மறுகால் பாய்ந்த தேதி.
சில குளத்துக்கு அந்தக் கட்டம் நிரம்பவில்லை.
பக்கத்துக் கால்வாயிலும் நீர் வாங்குகிற வாகையடி
இரண்டு பட்டியலிலும் வர வேண்டும்,
அதற்கே மணி இரண்டாகிவிட்டது.

தாழங்குட்டம் மட்டும் பூஜ்யம்.
கோப்புக்குள் ஒரு எழுத்தில்லை;
அதன்மேல் கல்யாண மண்டபம் நிற்கிறது.
வெற்றுக் கோப்பை மறைக்க வழி இருக்கிறது.
மறைக்கவில்லை. இருநூற்று முப்பது என்று எண் கொடுத்தேன்.
தண்ணீர் அந்த வழியாகத்தானே வருகிறது.

விடிந்ததும் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு.
அரசடிக்குளம் சங்கத்தின் பொருளாளர், சங்கரவடிவு.
"அந்த லிஸ்ட் போட்டது நீங்களா?"
மன்னிப்பை நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.
"மாத்திராதீங்க.
கார் தண்ணி எங்க மடையில ஏறி பதினாலு வருசம்.
அ-னா எங்களுக்குன்னு இருக்கு, அப்படியே கெடக்கட்டும்."
மாற்றிவிட்டேன் என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
போனுக்குள் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

தலைகீழ் என்றொரு வரி உண்டு அமைப்புக் கோப்பில்.
அதைச் சேர்த்தால் நானூற்றுப் பத்து முன்னால் வரும்,
பத்து போய்க் கடைசியில் நிற்கும்.
எழுதினேன். எழுதி, அதன் முன்னால்
ஒரு வேலிக்குறி போட்டேன்.
வேலிக்குறி போட்ட வரியை இயந்திரம் படிக்காது.
கோப்பைத் திறக்கிற ஆள் படிப்பான்.

பிசானத்துக்கு இன்னும் நாலு மாதம்.
பொறியாளரின் சட்டைப் பையில்
பழைய தாள் அப்படியே இருப்பதாகக் கேள்வி.